கியரில் நிற்கிற வண்டி

என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரார் வண்டி ஓட்டுவதைத் திட்டிக்கொண்டிருந்தார். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெரு குறுகலானது. மெயின் ரோட்டிலிருந்து கோயில் பக்கமாகச் சரிந்து இறங்கும். அதில் ஏறி இறங்குகிற ஒரு வண்டியும் அவர் வாயிலிருந்து தப்பவில்லை. "கிளட்ச்ச வறுத்துட்டான் பாரு." "செகண்டுல ஏற வேண்டிய மேட்ட தேர்டுல ஏறுறான், இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா." தோசை ஊற்றிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் தோசை கருகிவிடும் என்பதால் சொல்லமாட்டேன்.

ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியே காலத்தைக் கழித்த மனுஷர். சர்க்கரை அவருடைய இடது பாதத்தில் கைவைத்தது. செருப்புக் கடித்த சின்னப் புண்தான், ஆறவே இல்லை. விரல்களை எடுத்துவிட்டார்கள். முன்பக்கம் மொட்டையான அந்தப் பாதத்துக்கென்று தனியாக ஒரு ஷூ தைத்துக் கொடுத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், கிளட்ச் மட்டும் மிதிக்க முடியாது என்றார் டாக்டர். விரல்கள் போனதற்கு அழாத என் வீட்டுக்காரர் கிளட்ச்சுக்காக அழுதார். எனக்கு அது அப்போது கோபமாகத்தான் வந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று கோயில் கோயிலாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் நான். இவர் கிளட்ச்சை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

எங்கள் மகளுக்கு புனேவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது தன்னுடைய சின்ன காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். ஆட்டோமேட்டிக் வண்டி. "இதுல இடது காலுக்கு வேலையே இல்லப்பா. சும்மா ஓரமா வெச்சுக்கோ" என்றாள். முதலில் இவர் முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் பொம்ம வண்டி, புள்ளைங்க வெளையாடுறது" என்றார். டாக்டரிடம் போய்க் கேட்டு, தாராளமாக ஓட்டலாம் என்று அவர் சொன்ன பிறகு, பொம்மை வண்டியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அல்சூர் ஏரி வரைக்கும் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினார். உள்ளே வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "ஏய், நம்ம ஊரு நல்லாத்தான்மா இருக்குது" என்றார். டிராஃபிக்கைப் பார்த்துவிட்டு வந்து பெங்களூர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே மனுஷர் இவராகத்தான் இருப்பார். அன்றைக்கு என் மகளையும், அந்தக் காரை எவன் கண்டுபிடித்தானோ அவனையும் மனசார வாழ்த்தினேன்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் மகள் அவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "நிறுத்தும்போது முழுசா நிறுத்துப்பா. கால் பிரேக்லயே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்க இழு. அப்புறம் லிவர P-க்கு, பார்க்கிங்குக்குத் தள்ளு. அதுக்கப்புறம் மெதுவா கால எடு. கடசியா பட்டன அமுக்கி ஆஃப் பண்ணு." அவர் "சரி சரி" என்றார். ரயில்வே ஸ்டேஷனில் வேறு ஊருக்குப் போகிற ரயிலின் அறிவிப்பைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்பாவைத் தெரியும். பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பி, "அம்மா, நீ சொல்லு பாக்கலாம்" என்றாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான், கந்தர் சஷ்டி கவசம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன்.

அவர் அதைக் காதில் வாங்காததிலும் ஒரு நியாயம் இருந்தது. காலம் முழுக்க அவர் ஓட்டிய வேன்களில் ஒன்றில்கூட ஹேண்ட் பிரேக் உருப்படியாக இருந்ததில்லை. கேபிள் தளர்ந்து தொங்கும். சரிவில் நிறுத்த வேண்டுமானால் முதல் கியரைப் போட்டு இன்ஜினை அணைத்துவிடுவார். பிறகு பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் வேன் நகராது. "வண்டி கியர்ல நிக்கணும், கயித்துல நிக்கக்கூடாது" என்பது அவருடைய வேதம். இந்தக் காரில் தினமும் P போட்டாரா என்றால், போட்டார். ஆனால் மனசுக்குள் அதைக் கியர் என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "எழுத்த நம்பி எப்படி நிக்கும்" என்று ஒரு நாள் முணுமுணுத்தார்.

வண்டி வந்ததில் ஒரு சண்டையும் கூடவே வந்தது. எதிர்வீட்டுக்காரி தினமும் காலையில் தன் வாசலில் பெரிய ரங்கோலி போடுவாள். எங்கள் காரை வெளியே எடுக்கும்போதும் உள்ளே விடும்போதும் டயர் அதன் ஓரத்தைத் தேய்த்துவிடும். ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா என்று ஒரு நாள் அவள் கன்னடத்தில் கேட்டாள். உங்க அப்பன் வீட்டுதும் இல்லை என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குச் சண்டை போட மொழிப் பஞ்சமா என்ன. அதோடு பேச்சு நின்றது. காய்கறி வண்டிக்காரரிடம் இருவரும் ஒரே நேரத்தில் தக்காளி பொறுக்குவோம். அவள் ஒரு பக்கம் பார்ப்பாள், நான் ஒரு பக்கம் பார்ப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இவர் விடிவதற்கு முன்பே எழுந்து காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். விரல்கள் போன பிறகு வருகிற முதல் ஆயுத பூஜை இல்லை அது. ஆனால் கையில் வண்டியோடு வருகிற முதல் பூஜை. முந்தின வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். இப்போது முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டி, சேவந்தி மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைத்து, ஸ்டியரிங்குக்கும் ஒரு பொட்டு வைத்தார். பொரியும் கடலையும் தட்டில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, புதுச் சட்டையில் பார்க்கவே கொஞ்சம் லட்சணமாகக்கூட இருந்தார். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார்.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் தமட்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்பீக்கர் வேறு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தேன். கார் சரிவைப் பார்த்து நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து, வண்டியை மெல்ல முன்னால் விட்டுப் பழங்களை நசுக்கி நிறுத்தினார். பட்டனை அமுக்கினார். இறங்கி, எங்கள் மதில்மேல் வைத்திருந்த பூசணிக்காயை எடுத்தார். குங்குமம் பூசி, உச்சியில் கற்பூரம் வைக்க வேண்டும். நான் காருக்கு முன்னால், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று, தட்டில் கற்பூரத்தை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷமாக ஆயுத பூஜைக்கு அவர் செய்வது அதுதான். பழத்தை நசுக்கு, கியரிலேயே விட்டு இன்ஜினை அணை, இறங்கு, பூசணிக்காயை உடை. சாதாரண நாளில் நினைவிருந்த P, பண்டிகை நாளில் மறந்துபோயிற்று. கைகள் பழைய வேனுக்குத் திரும்பிவிட்டன. லிவர் D-யிலேயே, ஓடுகிற நிலையிலேயே இருந்தது. கியரில்தான் இருக்கிறது, நிற்கும் என்று இறங்கிவிட்டார். அந்த வண்டியில் இன்ஜினை அணைத்த பிறகு D-க்கு ஒரு பிடிப்பும் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. டயருக்கு அடியில் சிக்கிய பழங்கள்தான் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்திருக்கின்றன. கார் தன்னால் ஆனமட்டும் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. தமட்டைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது மாலை போட்ட கார் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வேகமாக எல்லாம் இல்லை. ஊர்வலத்தில் சாமி வருகிற வேகம்தான். அவர் இன்னும் சரியாக நசுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, "போதும், நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"என்னத்த நிறுத்துறது?" என்ற பதில் என் இடதுபக்கத்திலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தால் அவர் மதிலோரம் இரண்டு கைகளிலும் பூசணிக்காயோடு நிற்கிறார். வண்டிக்குள் ஒருவரும் இல்லை. எனக்குக் கால் நகரவில்லை. கையில் தட்டு, தட்டில் நெருப்பு. தீபம் அணையக்கூடாது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன், சத்தியமாக. சாகப்போகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தார்கள் என்றால் மூட்டையை இழுப்பதுபோல. தட்டு எகிறி உருண்டது. எதிர்வீட்டு வாசற்படியில் போய் விழுந்தேன். எனக்குக் கீழே யாரோ "அம்மா" என்று முனகினார்கள். எதிர்வீட்டுக்காரி. நான் அவள் கையின்மேல் விழுந்திருந்தேன்.

இவர் பூசணிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்தப் பாதத்தோடு அவர் ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திறந்து கிடந்த கதவைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே இருக்க உள்ளே சாய்ந்து, வலது காலால் பிரேக்கை மிதித்தார். நான் நின்ற இடத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துபோய், அவளுடைய பண்டிகை ரங்கோலியின் நடுவில் கார் நின்றது. வாழைக்கன்று அவள் வீட்டு கேட்டில் உரசிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த ஆட்டோக்காரர் ஒருவர், "எறங்குங்கண்ணா, நான் எடுக்கறேன்" என்றார். இவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். காலை எடுத்தால் வண்டி போய்விடும் என்ற பயத்தில் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார்.  என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையில் நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்பதுபோல் இருந்தது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்ததைப் புடவையில் மறைத்துக்கொண்டு ஜன்னலருகில் போனேன்.

"நல்லா உக்காருங்க. கால எடுக்காதீங்க" என்றேன். உட்கார்ந்தார். "ஹேண்ட் பிரேக்க இழுங்க." இழுத்தார். "இப்ப P-ல போடுங்க." லிவர் டக் டக்கென்று மேலே போனது. "இப்ப மெதுவா கால எடுங்க." எடுத்தார். கார் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. அதன் பிறகும் அவர் கால் பெடலுக்கு மேலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது.

நான் திரும்பி எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன்.  டயருக்கு அடியில் அவளுடைய கலர்ப்பொடியெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. "கோலம்..." என்று ஆரம்பித்தேன்.

"இர்லி அக்கா, இருக்கட்டும்" என்றாள், கன்னடமும் தமிழும் கலந்து. "நாளைக்கு வேற போட்டுக்கலாம். உனக்கு எங்க அடி?" உள்ளே போய் மஞ்சள்தூளைக் கொண்டுவந்து என் முழங்கையில் அப்பினாள். ஒரே கையால் அப்பினாள். மற்றொரு கையில் வளையல்கள் உடைந்து கீறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். உயிரைக் கொடுத்தவளுக்கு முன்னால் அழுவதற்கு வெட்கம் என்ன. இன்றைக்கும் விளக்கேற்றும்போது என் மகளுக்கு வேண்டிக்கொண்ட கையோடு அவளுக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

சாயங்காலம் மகள் போனில் பேசினாள். அப்பாவைத் திட்டவில்லை, நல்ல பிள்ளை. "D-ல விட்டு ஆஃப் பண்ணா அது நியூட்ரல் மாதிரிதாம்பா. உருண்டு போயிடும். P-ல மட்டும்தான் உள்ள ஒரு கொக்கி விழுந்து சக்கரத்தப் புடிச்சுக்கும். அந்தக் கொக்கி மேலயே பாரம் ஏறக்கூடாதுன்னுதான் முன்னாடியே ஹேண்ட் பிரேக்" என்றாள். இவர் எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கார் சாவியைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தார்.

"இனிமே நான் தொடமாட்டேன்" என்றார்.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே" என்றேன்.

"ஆயிருந்தா?"

 மறுபடியும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. தெருவில் எவனெவனோ கன்னாபின்னாவென்று ஓட்டிக்கொண்டு போனான்.  முன்பு அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். இப்போது ஒருத்தனையாவது திட்டமாட்டாரா என்று ஏங்கினேன். கொஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். பால் வாங்கப் போகும்போதுகூடக் காரின் முன்பக்கத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனார். கிளட்ச் போனபோது அழுதவர், இதற்கு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விரல்களை எடுத்தபோது மிச்சமிருந்த மனுஷர் இப்போது மொத்தமாகப் போய்விடுவாரோ என்று.

அடுத்த வாரம் ஒரு காலை எதிர்வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அவள் எங்கள் படியேறியதே அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை, நேராக ஜன்னலோரம் போனாள். மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது.

"அண்ணா, கை வீங்கிப்போச்சு. எக்ஸ்ரே எடுக்கணும். வீட்ல அவரு டூட்டிக்குப் போயிட்டாரு. ஆட்டோல போனா குலுங்குது, நோவு தாங்கல. கார்ல விடுறீங்களா?"

தெருமுனையில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்பது எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். கூப்பிட்டால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போக அங்கே ஆளா இல்லை. அவள் வேண்டுமென்றேதான் வந்தாளா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

இவர் அந்தக் கையையே பார்த்தார். என்னைக் காப்பாற்றிய கை அது. அதற்கு முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. எழுந்தார். சாமி அலமாரிக்குப் போனார். சாவியோடு வந்தார்.

நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.  மேடு பள்ளம் வந்தால் முட்டை ஏற்றிப்போவதுபோல் மெல்ல ஏற்றி இறக்கினார். ஒரு பைக் குறுக்கே புகுந்தபோது அவர் உதடு அசைந்தது. திட்டப்போகிறார் என்று ஆசையோடு பார்த்தேன். திட்டவில்லை.

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தின் முன்னால் நிறுத்த வேறு இடமில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு மட்டும்தான் காலியாக இருந்தது.  கார் முழுசாக நின்றது. "கால் பிரேக்ல இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். P போட்டார். லிவரைக் கையால் தொட்டு, அந்த எழுத்தின்மேல் எரிகிற விளக்கைக் குனிந்து பார்த்தார். மெதுவாகக் காலை எடுத்தார். வண்டி நின்றது. பட்டனை அமுக்கினார். அவர் கை கதவுக்குப் போகவே இல்லை. 

முதலில் அவள்தான் இறங்கினாள். எக்ஸ்ரே வாசல் பக்கவாட்டில், எட்டிப் போகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு காரின் முன்னால், சரிவின் கீழ்ப்பக்கம் போனாள். பானெட்டுக்கு நேராக வந்து, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வா. ஒரு கையில முந்தானைய செருக முடியல" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நானும் இறங்கிப் போனேன். அவளுக்குப் பக்கத்தில், காருக்கு முன்னால் நின்று முந்தானையைச் செருகிவிட்டேன். உடனே செருகிவிடலாம். அவள் நகரவில்லை, அதனால் நானும் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணா, நாங்க வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. திரும்பி வீட்டுக்குப் போகணும்ல" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

உள்ளேயிருந்து, "இருக்கேம்மா, போயிட்டு வாங்க" என்றார்.